வண்டி ஏறக்கூடாத நடை

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் கையால் எழுதியதெல்லாம் கம்பெனியில் சரக்குப் பெட்டிகளின் மேல் கறுப்பு மையில் எழுதிய ஊர்ப்பெயர்களும், ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற வரியும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேசவும் வராது. அப்படிப்பட்ட ஒருவன் புத்தகத்தில் இத்தனை பக்கங்களை எடுத்துக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் நாலு பேர் ஓசூரிலிருந்து திருவண்ணாமலைக்கு நடக்கக் கிளம்பியதையும், இரண்டாம் நாளே அது நின்றுபோனதையும் இதுவரை சிலரிடம் வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதியிலேயே புகுந்து யார்மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எழுதினால் கடைசி வரைக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

எண்பதுகளின் பின்பாதி. எங்கள் கம்பெனியில் லாரிகளுக்கு வேண்டிய உதிரிபாகங்கள் செய்தார்கள். அந்தச் சித்திரை மாதம் ஆர்டர் இல்லையென்று சொல்லி எங்கள் செக்‌ஷனுக்கு லே-ஆஃப் கொடுத்துவிட்டார்கள். பாதிச் சம்பளம். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. காலையில் கேட் வரைக்கும் போவோம். வாட்ச்மேன் கையை விரிப்பார். எதிரே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவோம்.

மத்திகிரியில் ஒரே வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் இருந்தோம். எனக்கு அடுத்த வீட்டுக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பவர் பிரஸ்ஸில் வேலை. இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. ஓசூருக்கு வந்து ஒரு வருஷம் தாண்டியும் அவருக்கு வேறு பாஷை ஒட்டவில்லை. கடையில் கன்னடத்தில் கேட்டால் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். தெலுங்கில் கேட்டாலும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். “என்ன பாஷையா இருந்தா என்ன தம்பி, மூஞ்சியப் பாத்தா தெரியாதா?” என்பார்.

அவருக்கு ஒரே பெண் குழந்தை. நாலு வயது இருக்கும். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. பெங்களூர் ஆஸ்பத்திரியில் இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டினால் குழந்தை அலறும். அந்த அலறல் எங்கள் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கும். பிறகு கழற்றிவிடுவார்கள். சிமெண்ட் தரையில் கையை ஊன்றித் தவழ்ந்து தவழ்ந்து முட்டியெல்லாம் கறுத்துக் காய்த்திருந்தது.

அந்தக் குழந்தைக்காகத்தான் அவர் வேண்டிக்கொண்டார். வீட்டு வாசல்படியிலிருந்து திருவண்ணாமலைக் கோயில் வாசல் வரைக்கும் வெறுங்காலோடு நடப்பது. நடுவில் சக்கரம் உள்ள எதிலும் ஏறக்கூடாது.

“மாட்டு வண்டின்னாலும் ஏறப்படாது, சைக்கிள்னாலும் ஏறப்படாது. திருச்செந்தூருக்குத்தான் நேந்திருக்கணும். அம்புட்டுத் தூரம் நடந்து போயிட்டு வாரதுக்குள்ள கம்பெனிக்காரன் என் கார்டக் கிழிச்சிருவான்” என்று என்னிடம் சொன்னார்.

“முடியலைன்னா நடுவுல ஏறிக்கலாம்ணா. சாமி என்ன கணக்கா பாக்கும்?” என்றேன்.

“அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி. நடுவுல ஏறுனா, நேராமலே இருந்த மாதிரி ஆவாது. அதவிட மோசம். குடுக்கேன்னு சொல்லிட்டுப் பிடுங்குன மாதிரி.”

சித்திரைப் பௌர்ணமிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நடக்கலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் லேத்தில் வேலை செய்தவர். அவரை டர்னர் என்றே கூப்பிடுவோம். ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. இன்னொருவர் ஸ்டோரில் இருந்த பாய். அவருடைய வீடு கிருஷ்ணகிரியில். ராயக்கோட்டை வழியாகப் போனால் லாரித் தொல்லை குறைவு, மரநிழலும் இருக்கும் என்று அவர்தான் வழி சொன்னார்.

“உங்க சாமிக்கு நீங்க நடங்க. நான் எங்க ஊடு வரைக்கும் துணைக்கு வர்றேன். ஒரு வேளை சோறு எங்க ஊட்ல. அதுக்கப்புறம் உங்க பாடு, அண்ணாமலையார் பாடு” என்றார் பாய்.

கிளம்பும் அன்று விடியற்காலையில் அண்ணாச்சியின் மனைவி மஞ்சள் துணியில் காணிக்கையை முடிந்து அவர் வேட்டி மடிப்பில் கட்டிவிட்டார். அந்த அம்மா அதிகம் பேசமாட்டார். புருஷனைவிட அவருக்கு இந்த வேண்டுதலில் பிடிப்பு அதிகம் என்று எங்களுக்குத் தெரியும். பத்து நாளாக அந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடுதான். அண்ணாச்சி குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்து, அங்கே மனைவியின் இடுப்பில் கொடுத்தார்.

“மழை வந்தாலும் சரி, கால் வீங்குனாலும் சரி, வண்டியில மட்டும் ஏறிராதீய” என்றார் அந்த அம்மா. பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்து, “நீங்களும் ஏத்திராதீய” என்றார்.

நாங்கள் சரி என்று தலையாட்டினோம்.

*

முதல் நாள் காலை நன்றாகத்தான் இருந்தது. ஓசூரைத் தாண்டி உத்தனப்பள்ளி ரோட்டில் விழுந்தபோது இளவெயில். பாய் கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ. ஒவ்வொரு அடிக்கும் டக் டக் என்று சத்தம்.

“பாய், ரோட்டுல என்ன பிரஸ்ஸா ஓடுது? கால்ல எது விழப்போவுதுன்னு இதப் போட்டுட்டு வாரீய?” என்றார் அண்ணாச்சி.

“சும்மா குடுத்தது அண்ணாச்சி. லே-ஆஃப்ல அது ஒண்ணுதான் நம்மகிட்ட மிச்சம்.”

“அண்ணா, ரயில்வே கேட் வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று டர்னர் சீண்டினார். “தண்டவாளத்துல கால் வெச்சா வண்டியில ஏறுன கணக்கு வந்துருமா?”

“ஏ டர்னரு, ஒம்ம வாயில கிரீஸ் தடவணும்.”

வழியில் எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் மொபெட்டில் வந்து நிறுத்தினார். ராயக்கோட்டை வரை போவதாகவும், பைகளைக் கொடுத்தால் அங்கே தெரிந்த மண்டியில் வைத்துவிடுவதாகவும் சொன்னார். நாங்கள் மூவரும் கொடுத்துவிட்டோம். அண்ணாச்சி தன் பையைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

“பைக்கு என்னாண்ணா வேண்டுதல்?” என்றார் மொபெட்காரர்.

“இதுக்குள்ள அபிஷேகத்துக்கு வாங்குனதெல்லாம் இருக்கு. அதுவும் நடந்துதான் வரணும்.”

மொபெட்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. கிளம்பும்போது அவர், கம்பெனியில் டெம்பரரி ஆட்களை இனிமேல் கூப்பிடமாட்டார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அன்று சிரிப்பு குறைந்துவிட்டது. வெயில் ஏற ஏற தார் இளகியது. அண்ணாச்சி ரோட்டோர மண்ணில் நடந்தார். அங்கே நெருஞ்சி முள். தாரில் ஏறினால் சூடு, மண்ணில் இறங்கினால் முள். மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தபோது அவர் குதிகாலில் பெரிய கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. டர்னர் தன் துண்டில் பாதியைக் கிழித்துக் கட்டிவிட்டார். துணி கட்டினால் வெறுங்கால் ஆகுமா என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்து, கொஞ்ச தூரத்தில் அவிழ்த்துவிட்டார்.

எதையாவது பேசி அவரை நடத்த வேண்டும் என்று டர்னர் அவருக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்தார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேருக்கு மேல் தெலுங்குதான்.

“தண்ணி வேணும்னா ‘நீள்ளு’ன்னு கேளுங்கண்ணா.”

“நீள்ளு.”

“சோறுன்னா ‘அன்னம்’.”

“அது நம்ம ஊர்லயும் அன்னந்தாம்டே. தாகம்னா?”

“தாகம்னா எங்க ஊட்லயும் தாகந்தான்ணா. கொஞ்சம் அழுத்திச் சொல்லணும், அவ்ளோதான்.”

“பொறவு எதுக்குத் தனியா ஒரு பாஷ?” என்றார் அண்ணாச்சி. பாய் அதற்கு வெகுநேரம் சிரித்தார்.

அன்று ராயக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டோம். ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்தோம். அண்ணாச்சி தூக்கத்தில் காலை உதறிக்கொண்டே இருந்தார்.

*

இரண்டாம் நாள் காலை ராயக்கோட்டையில் மண்டியைத் தாண்டும்போது தக்காளிக் கூடைகள் ரோடு வரைக்கும் அடுக்கியிருந்தன. அழுகியதைக் கொட்டிய குவியலில் மாடுகள் மேய்ந்தன. விலை விழுந்துவிட்டது என்று யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பைகளை எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு, மலைக்கோட்டையை முதுகில் விட்டுக் கிருஷ்ணகிரி ரோட்டில் நடந்தோம். அன்று இருட்டுவதற்குள் பாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது பேச்சு.

அண்ணாச்சி எங்களுக்கு முன்னால் போய்விட்டார். “நின்னா எரியுது தம்பி. நடந்தா மரத்துப் போவுது. நீங்க மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். டர்னரும் நானும் பின்னால் வந்தோம். பாய் ஒரு பெட்டிக்கடையில் பீடி வாங்க நின்றுவிட்டார். அண்ணாச்சியின் வெள்ளை வேட்டி தூரத்தில் தெரியும், வளைவில் மறையும், மறுபடி தெரியும்.

இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம். எங்கோ மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பூச்சிமருந்து நாற்றம் ரோடு முழுக்கக் குப்பென்று அடித்தது. வெயில் நன்றாக ஏறிவிட்டது. என்னிடம் இருந்த பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அண்ணாச்சியிடம் பாட்டிலே கிடையாது. வழியில் கிடைக்கிற தண்ணீரைத்தான் குடிப்பது என்று வைத்திருந்தார்.

ஒரு வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கூவுகிற மாதிரி, “தாகத்து! தாகத்து!” என்று.

அதற்குப் பதிலாக அண்ணாச்சியின் குரல் கேட்டது. “ஆமா தாயி, தாகந்தான்! நல்லாருப்ப!”

டர்னர் ஒரு நொடி நின்றார். பிறகு பையைப் போட்டுவிட்டு ஓடினார். “ஐயோ, குடிக்காதேங்கறாடா! குடிக்காதேங்கறா!” என்று கத்திக்கொண்டே ஓடினார். நானும் ஓடினேன்.

தெலுங்கில் ‘தாகு’ என்றால் குடி. ‘தாகத்து’ என்றால் குடிக்காதே. இது எனக்கே அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? ஒரு பெண் தூரத்தில் வயலுக்குள் நின்று கையை ஆட்டித் தாகம் தாகம் என்று சொன்னால் திருநெல்வேலிக்காரர் வேறு என்ன நினைப்பார்? முகம் தெரிகிற தூரம் அது இல்லை.

நாங்கள் போனபோது அவர் பம்ப்செட் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு அலுமினியக் குடம். அவருக்கு எப்போதுமே பாத்திரத்தில் உதடு படக்கூடாது. தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து நேராகத் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வார். அப்படிக் குடித்தால் நாக்கில் ருசி படாது. நாற்றமோ வயல் முழுக்க ஏற்கெனவே இருந்தது. மருந்து கலக்குவதற்கென்று வைத்திருந்த குடம் அது. கலக்கியது போக அடியில் நின்றதில் யாரோ தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார்கள், அடுத்த டின்னுக்கு.

அந்தப் பெண் புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு வரப்பில் விழுந்து எழுந்து ஓடிவந்தாள். “மந்து நீள்ளு! மந்து நீள்ளு!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். மருந்துத் தண்ணீர்.

அண்ணாச்சி அந்தப் பெண்ணையும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னடே, என்ன சொல்லுதா?” என்றார்.

டர்னர் அண்ணாச்சியின் வாய்க்குள் விரலை விட்டார். நான் முதுகைப் பிடித்துக் குனியவைத்தேன். வந்தது கொஞ்சம்தான். அந்தப் பெண் ஓடிப்போய் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தாள். அது மறுபடி கொஞ்சம் வெளியே கொண்டுவந்தது. மருந்து அடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் முதுகில் டின்னைக் கழற்றாமல் தூரத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பயந்துவிட்டான் போல.

“ஒண்ணுமில்ல, நடக்கலாம்” என்றார் அண்ணாச்சி. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறி நடக்கவும் செய்தார். நாங்கள் இரண்டு பக்கமும் கூடவே போனோம். கொஞ்ச தூரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் நீர் வழிந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. “கண்ணு மங்குது தம்பி” என்றார். கண்ணின் கறுப்புமணி சுருங்கிச் சுருங்கி ஊசி முனை மாதிரி ஆகியிருந்தது.

பிறகு கால் மடங்கியது. உட்கார்ந்துவிட்டார்.

“பஸ்ஸை நிறுத்தறேன்” என்றார் டர்னர்.

“வேண்டாம்டே. தூக்கிட்டு நடங்க. தோள்ல போனா வண்டி இல்ல. தோள்ல போவலாம்.”

நாங்கள் தூக்கினோம். டர்னரும் நானும் கைகளைக் கோத்து அதில் உட்காரவைத்தோம். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று உண்மையாகவே நினைத்தோம். எங்களுக்கு அவர் சொன்ன பேச்சு அந்த அளவுக்குப் பெரிதாக இருந்தது. ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நாங்கள் கைகாட்டவில்லை. கூடவே அழுதுகொண்டு வந்த அந்தப் பெண் டர்னரிடம் கோபமாக ஏதோ கேட்டாள். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறாள் என்று எனக்கே புரிந்தது. டர்னர் அவளுக்கு வேண்டுதலைப் பற்றிச் சொன்னார். அவள் எங்களைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

அவருடைய கால்கள் இரண்டும் துவண்டு எங்கள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன. கால் விரல் தாரில் உரசியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பின்னாலிருந்து டக் டக் என்று பாய் ஓடிவரும் சத்தம் கேட்டது. வந்தார், பார்த்தார், என்ன ஏதென்று டர்னரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“இறக்குங்க” என்றார்.

“பாய், அவரு ஏறமாட்டேங்கறாரு.”

“இறக்குங்கடா கீழ. எத்தினி மைல் தூக்குவீங்க? பொணத்தத் தூக்கிட்டுப் போயி வேண்டுதல் முடிப்பீங்களா?”

ராயக்கோட்டைப் பக்கமிருந்து தக்காளி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அந்தப் பெண் போய் நடுரோட்டில் நின்றுவிட்டாள். லாரி அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் கன்னடக்காரர். திட்டப்போனவர் அண்ணாச்சியைப் பார்த்ததும் கதவைத் திறந்து, “ஹத்தி, பேக ஹத்தி” என்றார். சீக்கிரம் ஏறச் சொன்னார்.

அண்ணாச்சி அந்த நிலையிலும் ரோட்டோரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டார். “எம் புள்ள… எம் புள்ளடே… ஏத்தாதீய” என்றார். வார்த்தை குழறியது. பாய் அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கையை விட்டதும் அண்ணாச்சி பாயின் மணிக்கட்டைக் கடித்தார். பாய் கையை இழுக்கவே இல்லை. கடிபட்ட கையோடேயே அவரை அள்ளி மேலே தூக்கினார். நான் காலைப் பிடித்தேன். டர்னர் மேலே ஏறி இழுத்தார். கூடைகளுக்கு நடுவே படுக்கவைத்தோம்.

லாரி கிளம்பிய பிறகு, இரைச்சலில், பாய் எங்களிடம் சொன்னார்: “அண்ணாச்சி ஊட்டம்மா கேட்டா நான்தான் ஏத்துனேன்னு சொல்லுங்க. நீங்க பக்கத்து ஊட்டுக்காரங்க. நாளைக்கும் அவங்க மூஞ்சில முழிக்கணும்.”

*

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். டர்னர் பஸ் பிடித்து மத்திகிரிக்குப் போனார். பாய் தன் வீட்டிலிருந்து வெந்நீரும் பழைய வேட்டி ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மணிக்கட்டில் பல் பதிந்த இடம் கறுத்து வீங்கியிருந்தது. நர்ஸ் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு, “கடிச்சது மனுசந்தாம்மா” என்றார்.

சாயங்காலம் அண்ணாச்சிக்கு நினைவு தெளிந்தது. ஊசி மருந்தினால் வாய் உலர்ந்து, கண் பெரிதாக விரிந்திருந்தது. என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வேட்டி மடிப்பில் அந்த மஞ்சள் முடிப்பைத் தடவித் தேடினார். வேட்டியை மாற்றும்போது நான் எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொழுது சாயும் முன்பே டர்னர் அந்த அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் பஸ்ஸில் என்ன சொன்னாரோ தெரியாது. அந்த அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். புருஷன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு வருகிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“எப்படிக் கொண்டாந்திய?” என்றார்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

“தூக்கிட்டுத்தான் வந்தோம்மா” என்றார் டர்னர்.

“ராயக்கோட்டயில இருந்தா?”

டர்னர் தரையைப் பார்த்தார்.

“லாரியில” என்றார் அண்ணாச்சி. அன்று சாயங்காலம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. குரல் கரகரத்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. “லாரியில ஏத்திட்டாங்க.”

“நான்தாம்மா ஏத்துனேன்” என்றார் பாய். “இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. தூக்கிட்டுதான் வந்துட்டிருந்தாங்க. நான்தான் கேக்கல.”

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“ஒங்களுக்கு என்ன தெரியும்” என்றார். “நீங்க வேற ஆளுக. ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல.”

பாய் தலையாட்டினார்.

“எல்லாருந்தாம்மா ஏத்துனோம். நானும் கால் பிடிச்சேன்” என்று நான் சொன்னேன். என் குரல் எப்போதும் மெதுவாகத்தான் வரும். அந்த அம்மா காதில் விழுந்ததா, இல்லையா என்று தெரியவில்லை. அதற்குள் அவர் குழந்தையைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டார். அது அப்பாவின் பாதத்தைப் பார்த்து, கொப்புளம் உடைந்த இடத்தை விரலால் தொட்டது. அவருக்கு எரிந்திருக்க வேண்டும். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கு” என்றார் டர்னர். “எந்திரிச்சதும் மொதல்லேர்ந்து மறுபடி நடக்கலாம்ணா. நாங்க வர்றோம்.”

“மறுபடின்னு ஒண்ணு கெடையாது” என்றார் அண்ணாச்சி. “அது ஒரு தரந்தான்.”

பாய் வெளியே போய் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிவந்தார். அவர் வீட்டில் சமைத்து வைத்திருந்தார்கள், கிளம்பும் முன்பே எங்களுக்காகச் சொல்லி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அவர் ஓட்டல் பொட்டலத்தைத்தான் கொண்டுவந்தார். அந்த அம்மா பிரிக்கவில்லை. குழந்தைக்கு மட்டும் ஊட்டினார்.

மறுநாள் காலை அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். எங்கள் மூன்று பேரிடமும் பேசவில்லை. பாய் வேலை இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்குப் போனார். டர்னரும் நானும் மத்தியானம் ஓசூர் பஸ்ஸில் ஏறினோம்.